எத்தனை இன்ச் தூக்கலாம்?

உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் வண்டியின் அடிவயிற்றுக்கும் ரோட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று தெரியுமா? மைலேஜ் தெரியும். ஈ.எம்.ஐ. எந்தத் தேதியில் பிடிப்பார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். இந்த ஒரு கணக்கு மட்டும் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. ஸ்பீடு பிரேக்கரில் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம் கேட்கும்போதுதான், அப்படி ஓர் இடைவெளி இருப்பதே ஞாபகத்துக்கு வரும்.

தாம்பரம் பக்கத்து ஆட்கள் மட்டும் இதற்கு விதிவிலக்கு. முடிச்சூரிலோ, வரதராஜபுரத்திலோ, பழைய பெருங்களத்தூரிலோ ஒரு டீக்கடையில் நின்று கேட்டுப் பாருங்கள். 'கிரவுண்ட் கிளியரன்ஸ்' என்ற வார்த்தையை பஜ்ஜிக்குத் தொட்டுக்கொள்ளும் சட்னி மாதிரி சர்வசாதாரணமாகப் பேசுவார்கள். ''நூத்தி எழுபது மில்லிமீட்டர் பத்தாது சார். எங்க தெருவுக்கு இருநூறாவது வேணும்'' என்பார்கள். கார் வாங்கப் போனால் ஷோரூமில் நாம் கலர் பார்ப்போம். அவர்கள் குனிந்து அடியில் பார்ப்பார்கள்.

காரணம் உங்களுக்கே தெரியும். 2015 டிசம்பர். 2-ம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். அடையாறு என்றால் நமக்கு சைதாப்பேட்டை பாலமும் கோட்டூர்புரமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்த ஆறு ஆறாகத் திரள்வது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரி நீரில்தான். அதாவது, தாம்பரத்துக்கு மேற்கே இருப்பவர்களின் கொல்லைப்புறத்தில். செம்பரம்பாக்கத்தைப் பற்றி டி.வி. முழுக்கப் பேசிக்கொண்டிருந்தபோது, அந்த ஏரியின் தண்ணீர் வந்து சேர்வதற்கு மேலேயே இருக்கிற முடிச்சூர், தன் சொந்த ஏரிகளின் தண்ணீரிலேயே மூழ்கிக்கொண்டிருந்தது.

என் மாமியார் வீடு முடிச்சூரில்தான் இருக்கிறது. அன்று ராத்திரி பத்து மணிக்கு வாசல்படியில் இருந்த தண்ணீர், பன்னிரண்டு மணிக்குக் கட்டில் உயரத்துக்கு வந்துவிட்டது. எல்லோரும் மாடிக்கு ஓடினார்கள். மாமனார் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். மருந்து இருந்த ஃபிரிட்ஜ், கீழே ஹாலில் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தது. இரண்டு நாள் கழித்து மீனவர்கள் படகில் வந்து அவர்களை இறக்கினார்கள். அந்த இரண்டு நாளில் மாமனாரின் உடம்பு பட்ட பாட்டை என் மைத்துனன் கூடவே இருந்து பார்த்தான். மாமனார் இப்போது இல்லை. மைத்துனன் அந்த ராத்திரியை மறக்கவில்லை.

2021 நவம்பரில் மறுபடியும் தெருவில் தண்ணீர். அடுத்த வருடமே அவன் ஒரு ஜீப் வாங்கிவிட்டான். பழைய மஹிந்திரா எம்.எம். 540. ஃபோர் வீல் டிரைவ். முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங். எஃப்.சி. எடுத்து, இன்ஷூரன்ஸ் போட்டு, பச்சை பெயின்ட் அடித்து வாசலில் நிறுத்தியபோது தெருவே வந்து பார்த்தது. சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் பைக்கில் போய்வருகிற பையன். அந்த ஜீப் சும்மா ஷோவுக்கு இல்லை என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அடுத்த முறை அம்மாவைப் படகுக்காகக் காத்திருக்க வைக்கக் கூடாது. அவ்வளவுதான் அவன் கணக்கு.

2023 செப்டம்பரில் ஒருநாள் போன் செய்தான்.

''மாமா, ஜீப்பைத் தூக்கலாம்னு இருக்கேன்.''

''எங்கே தூக்கப் போறே?''

''மேல மாமா! சஸ்பென்ஷன் லிஃப்ட். நாலு இன்ச் கிட் இருக்காம். ரெண்டு இன்ச் கிட்டும் இருக்கு. எது போடலாம்னு நீங்க சொல்லுங்க.''

நான் படித்தது பி.காம். எனக்கும் சஸ்பென்ஷனுக்கும் உள்ள ஒரே சம்பந்தம், ஆபீசில் யாரையாவது சஸ்பெண்ட் செய்தால் அந்த மெமோவைப் படிப்பது மட்டும்தான். ஆனால் காமர்ஸ் படித்தவனுக்கு ஒரு வசதி இருக்கிறது. உலகத்தில் எதை நீட்டினாலும் நடுவில் ஒரு கோடு கிழித்து, இந்தப் பக்கம் பற்று, அந்தப் பக்கம் வரவு என்று எழுதிவிடுவான். 'டபுள் என்ட்ரி' முறையில் சும்மா வருவது என்று எதுவும் கிடையாது. ஒரு பக்கம் ஏறினால் இன்னொரு பக்கம் எங்கோ ஒன்று எழுதியே ஆக வேண்டும். நாலு இன்ச் உயரம் வருகிறதென்றால், அது எந்தக் கணக்கிலிருந்து வருகிறது?

இதைத் தெரிந்துகொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் மேற்குத் தாம்பரத்தில் ஒரு மெக்கானிக்கைப் போய்ப் பார்த்தோம். பகுதி முழுக்க அவரை 'பாய்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். முப்பது வருடமாக ஜீப்புக்கு அடியிலேயே குடித்தனம் நடத்துகிற மனிதர்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் ஜீப்பைப் பார்க்கவில்லை. எங்களைப் பார்த்தார். ''எதுக்கு சார் தூக்கணும்?''

''அடியில் இடிக்காம இருக்க.''

''சரி. குனிஞ்சு பாருங்க. அடியில எது முதல்ல இடிக்கும்?''

குனிந்து பார்த்தோம். நீங்களும் ஒரு ஜீப் கிடைத்தால் குனிந்து பாருங்கள். இரண்டு சக்கரத்தையும் இணைக்கிற இரும்பு அச்சு. அதன் நடுவே பலாப்பழம் மாதிரி ஓர் உருண்டை. அதுதான் டிஃபரன்ஷியல்; பாய் பாஷையில் 'ஹவுசிங்'. ஜீப்பில் தரைக்கு மிக அருகில் இருப்பது அதுதான். சேஸி எல்லாம் அதற்கு எவ்வளவோ மேலே இருக்கிறது.

''ஸ்பிரிங் எங்க உக்காந்திருக்கு? அச்சுக்கும் பாடிக்கும் நடுவுல. நீங்க ஸ்பிரிங்கைத் தூக்கினா, அதுக்கு மேல இருக்கிற பாடிதான் நிமிரும். ஹவுசிங் நிமிராது. இப்ப எங்க இருக்கோ அங்கதான் இருக்கும். கல்லு இடிக்கிறது அதே கல்லுதான்!''

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாலு இன்ச் தூக்கினாலும் முதலில் இடிக்கிற இடம் ஓர் இன்ச்கூட உயராது! அச்சு உயர வேண்டுமென்றால் அதற்கு ஒரே வழி, பெரிய டயர். அதிலும் பாதிதான் தேறும். 28 இன்ச் விட்டமுள்ள டயரைக் கழற்றிவிட்டு 30 இன்ச் டயர் போட்டால், அச்சு உயர்வது இரண்டு இன்ச் இல்லை, ஒரே இன்ச். சக்கரத்தின் நடுவில்தானே அச்சு இருக்கிறது? இன்னொரு இன்ச் அச்சுக்கு மேலே போய்விடும். அப்படியானால் சஸ்பென்ஷன் லிஃப்ட் எதற்கு? அந்தப் பெரிய டயர் மட்கார்டில் உரசாமல் சுற்ற இடம் வேண்டும், அதற்கு. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது பம்பரும் வயிற்றுப் பகுதியும் தட்டாமல் இருக்க, அதற்கு.

பெரிய டயர் போட்டால் ஸ்பீடாமீட்டருக்கும் வாயில் பொய் வந்துவிடும். 28-லிருந்து 30 என்றால் சக்கரத்தின் சுற்றளவு ஏழு சதவிகிதம் கூடும். மீட்டர் 60 என்று காட்டும்போது நீங்கள் உண்மையில் 64-ல் போய்க்கொண்டிருப்பீர்கள். சக்கரத்தைச் சுழற்ற எஞ்சினும் நிறுத்த பிரேக்கும் முன்னைவிட அதிகம் உழைக்க வேண்டும்.

பாய் ஒரு ஸ்பேனரைத் தரையில் வைத்துவிட்டு, பற்றுப் பக்கத்தை ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கினார். நான் எழுதியதை அப்படியே தருகிறேன்.

கியர் பாக்ஸிலிருந்து அச்சுக்குப் போகிற ஷாஃப்ட், வண்டி உயர உயரச் செங்குத்தாகச் சாயும். அதன் இரண்டு முனையிலும் இருக்கிற 'கிராஸ்' அந்தக் கோணத்தில் சுழன்று சீக்கிரம் தேயும், அதிரும். பிரேக் ஹோஸ் நீளம் பத்தாமல் இழுக்கும். ஷாக் அப்ஸார்பர் முழுக்க நீண்டு நின்றுவிடும். அதற்கு மேல் நீள வழியில்லாமல் பள்ளத்தில் 'டங்' என்று அடிக்கும். ஸ்டீயரிங்கை அச்சோடு இணைக்கிற ராடு சாய்ந்துவிடுவதால், ஒரு பள்ளத்தில் இறங்கினால் நீங்கள் திருப்பாமலே வண்டி கொஞ்சம் திரும்பும். ஹெட்லைட்டின் வெளிச்சம், ஜிஎஸ்டி சாலையில் எதிரே ஸ்கூட்டரில் வருகிறவரின் கண்ணில் நேராகப் போய் விழும்.

தூக்குகிற முறைகளிலும் ஏகப்பட்ட தரம் இருக்கிறது. ஸ்பிரிங்கை சேஸியோடு இணைக்கிற 'ஷாக்கிள்' என்ற சின்ன இரும்புத் துண்டை நீளமாகப் போட்டுத் தூக்குவது ஒன்று. செலவு குறைவு. இரண்டு இன்ச் நீளமாகப் போட்டால் ஓர் இன்ச் உயரும். முன்பக்கம் அப்படிச் செய்தால் அச்சு லேசாகச் சுழன்று, ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருகிற குணம் குறைந்து வண்டி ரோட்டில் அலையும். இருக்கிற பட்டைகளோடு இன்னொரு பட்டை சேர்ப்பது இரண்டாவது. உயரும், கூடவே மாட்டு வண்டி மாதிரி குலுக்கும். அதிக வளைவுள்ள புது ஸ்பிரிங், அதற்குத் தகுந்த ஷாக் அப்ஸார்பர், நீளமான ஹோஸ் எல்லாமாக மாற்றுவது மூன்றாவது. ஒழுங்கான முறை அதுதான். செலவும் அப்படித்தான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பற்று, கவிழ்வது. இதற்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது. இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவே உள்ள அகலத்தை, வண்டியின் எடை மையம் இருக்கிற உயரத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். விடை பெரிதாக இருந்தால் வண்டி நிலையாக நிற்கும். அமெரிக்காவில் கார்கள் கவிழும் ஆபத்தை மதிப்பிட அரசாங்கமே இந்தக் கணக்கைத்தான் போடுகிறது. ஒரு பேச்சுக்கு அகலம் 1,400 மில்லிமீட்டர், எடை மையம் 700 மில்லிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடை 1. வண்டியைத் தூக்கி எடை மையம் 80 மில்லிமீட்டர் மேலே போனால் விடை 0.9-க்கு இறங்கிவிடும். பத்து சதவிகிதம் கோவிந்தா! கம்பெனியின் லாபம் ஒரே காலாண்டில் பத்து சதவிகிதம் விழுந்தால் ஷேர் மார்க்கெட் என்ன பாடு படுத்தும்? வளைவில் ஜீப்பும் அப்படித்தான் படுத்தும்.

இன்னொரு விஷயம். இரண்டாம் உலகப் போருக்காக 1941-ல் பிறந்த வில்லிஸ் ஜீப்பின் கிரவுண்ட் கிளியரன்ஸ் எட்டே முக்கால் இன்ச். 2020-ல் வந்த மஹிந்திரா தாரின் கிளியரன்ஸ் 226 மில்லிமீட்டர். அதாவது ஒன்பது இன்ச்சுக்குக் கொஞ்சம் குறைவு. எண்பது வருடத்தில் எஞ்சின் மாறியது, கியர் மாறியது, ஏசி வந்தது, பாட்டு பாடுகிற டச் ஸ்கிரீன் வந்தது. இந்த ஒரு அளவு மட்டும் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்கிறது. உயர்த்தத் தெரியாமலா விட்டிருப்பார்கள்? எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்து நிறுத்தியிருக்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் கம்பெனி குறிப்பிட்டதிலிருந்து மாறிப்போகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்தமாகச் சொல்லிவிட்டது. அதே வருடம் வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம். போலீஸ் பிடிப்பதுகூட இரண்டாம் பட்சம். ஏதாவது விபத்து என்று இன்ஷூரன்ஸுக்குப் போனால், 'வண்டியை மாற்றியிருக்கிறீர்கள்' என்று ஒரு வரியில் கையை விரிக்க அவர்களுக்கு வழி கிடைத்துவிடும்.

மைத்துனன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான். பிறகு சொன்னான். ''இதெல்லாம் மலையேறுறவங்களுக்கு மாமா. எனக்குத் தண்ணிதான் பிரச்சினை. ராத்திரி தண்ணி வந்தா அம்மாவை ஏத்திக்கிட்டு வெளிய வந்துடணும். நாலு இன்ச் நாலு இன்ச்தானே?''

நியாயமான கேள்வி. அதனால் தண்ணீருக்கும் ஒரு கணக்குப் போட்டோம்.

தாருக்கு 650 மில்லிமீட்டர் தண்ணீர் வரை இறங்கலாம் என்று கம்பெனி சொல்கிறது. சுமார் இரண்டேகால் அடிக்குச் சற்றுக் குறைவு. அது நிற்கிற தண்ணீருக்கு, மெதுவாகப் போகிற வண்டிக்கு. ஓடுகிற தண்ணீரின் கதையே வேறு. ஒரு அடி ஆழத்துக்கு ஓடும் வெள்ளம் பெரும்பாலான கார்களை இழுத்துக்கொண்டு போகும், இரண்டு அடி இருந்தால் எஸ்.யூ.வி.யையும் லாரி மாதிரி வண்டிகளையும் தூக்கிவிடும் என்பது அமெரிக்க வானிலைத் துறை வருடா வருடம் செய்கிற எச்சரிக்கை.

ஏன் என்று காமர்ஸ் மூளைக்கே புரிகிற மாதிரி சொல்கிறேன். ஒரு கன மீட்டர் தண்ணீர் 1,000 கிலோ. ஜீப்பின் அடிப்பரப்பை ஒன்றரை மீட்டர் அகலம், மூன்றரை மீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால், ஐந்தேகால் சதுர மீட்டர். ஆட்களோடு சேர்த்து எடை 1,500 கிலோ என்று வையுங்கள். தண்ணீர் உள்ளே புகாத வண்டியாக இருந்தால், அதன் தரைத்தகட்டுக்கு மேல் வெறும் 29 சென்டிமீட்டர் தண்ணீர் ஏறினாலே வண்டி படகாகிவிடும். ஸ்டீயரிங் உங்கள் கையில் இருக்கும். வண்டி இருக்காது. எங்கள் ஜீப்புக்கு ரெக்ஸின் கதவு. தண்ணீர் தாராளமாக உள்ளே வரும், அதனால் மிதக்க நேரமாகும். ஆனால் தண்ணீர் புகுந்த வண்டியில் அத்தையை உட்கார வைத்துக்கொண்டு போவதற்கு, படகுக்கே காத்திருக்கலாம்.

எஞ்சின் காற்றோடு தண்ணீரையும் உறிஞ்சிவிட்டால் அதோடு சரி. காற்று அமுங்கும். தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் அதை அமுக்கப் பார்க்கும். நடுவில் இருக்கிற கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசியில் இதற்குப் பணம் வராது. எஞ்சினுக்கென்று தனியாக ஒரு பாதுகாப்பு எடுத்திருக்க வேண்டும். உங்கள் பாலிசியில் அது இருக்கிறதா என்று இந்தக் கட்டுரையை முடித்த கையோடு எடுத்துப் பாருங்கள்.

சரி, நாலு இன்ச்சுக்கு வருவோம். வெள்ள நாளில் நாலு இன்ச் உயரத்தின் மதிப்பு என்ன? லிஃப்ட் இல்லாத ஜீப் ஒரு அளவு தண்ணீர் வரை போகும். லிஃப்ட் செய்த ஜீப் அதைவிட நாலு இன்ச் அதிகத் தண்ணீரில் போகும். எனவே, தண்ணீர் அந்த நாலு இன்ச்சுக்குள் இருக்கும் நேரம் மட்டும்தான் லிஃப்டுக்கு வேலை. தண்ணீர் மணிக்கு ஒரு அடி ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் நாலு இன்ச் என்பது இருபது நிமிடம்.

நான் பேப்பரில் எழுதிய அந்த வரியை மைத்துனன் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். லட்சத்தை நெருங்குகிற செலவு, சட்டச் சிக்கல், கவிழும் பயம். எல்லாம் கொடுத்து வாங்குவது இருபது நிமிடம்! வீட்டிலிருந்து ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பினால் பன்னிரண்டு இன்ச் லிஃப்ட் சும்மா கிடைக்கிறது. எந்த ஆர்.டி.ஓ.வும் கேட்க மாட்டார்.

அப்போதும் அவனுக்கு மனசில்லை. கடைசியில் தீர்ப்புச் சொன்னது பாயும் இல்லை, நானும் இல்லை. அத்தைதான்.

அத்தைக்கு வயது எழுபத்து மூன்று. இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆனவர். அவரை ஜீப்பில் ஏற்றிப் பார்க்கலாம் என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. மாடிப்படி ஒன்றின் உயரம் ஆறு, ஏழு இன்ச். ஜீப்பின் ஃபுட்போர்டு அப்போதே பதினைந்து இன்ச். மைத்துனன் கைபிடிக்க, என் மனைவி பின்னால் தாங்க, ஒருவழியாக ஏறி உட்கார்ந்தார். பிறகு, தரையில் நாலு இன்ச் பள்ளமாக இருந்த இடத்தில் அவரை நிற்கவைத்து, ''இப்ப ஏறுங்க அத்தை'' என்றேன். ஃபுட்போர்டு இப்போது பத்தொன்பது இன்ச். காலைத் தூக்கிப் பார்த்தார். மறு காலையும் தூக்கிப் பார்த்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

''மாப்பிள்ளை... இது என்னைத் தூக்கிட்டுப் போறதுக்கு வாங்கின வண்டிதானே? இப்ப என்னை வண்டியில தூக்கி வைக்க ஒரு ஆள் தேடணும் போலிருக்கே!''

எல்லோரும் சிரித்தோம். மைத்துனன் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்தபடி ஃபுட்போர்டையே பார்த்துக்கொண்டிருந்தான். இருட்டில், மழையில், கரன்ட் இல்லாத தெருவில், வழுக்குகிற அந்தப் பத்தொன்பது இன்ச் அவன் கண்முன்னால் வந்திருக்க வேண்டும்.

மறுநாள் பாயிடம் போய், ''லிஃப்ட் வேண்டாம் பாய்'' என்றான்.

பாய் அப்போதுதான் முதல்முறையாக டேப்பை எடுத்தார். ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்தும் மட்கார்டின் விளிம்பு வரை அளந்தார். டிரைவர் பக்கம் மற்ற பக்கத்தைவிட அரை இன்ச் இறங்கியிருந்தது. ''உங்க வண்டியைத் தூக்க வேணாம் சார். அது முதல்ல நிமிரட்டும். இத்தனை வருஷம் பாரம் சுமந்து பட்டையெல்லாம் படுத்துப்போச்சு'' என்றார். தேய்ந்த பட்டைகளையும் புஷ்களையும் மாற்றி, கம்பெனி அளவுக்கே புது ஸ்பிரிங்கும் ஷாக் அப்ஸார்பரும் போட்டார். முன்னால் ஒண்ணேகால் இன்ச், பின்னால் ஒன்றரை இன்ச் உயரம் திரும்பக் கிடைத்தது. கணக்குப் புத்தகத்தில் இதற்குப் பெயர் லாபம் இல்லை; வாராக் கடன் வசூல். அத்தைக்காகக் கீழே ஒரு மடக்குப் படியும் வைத்தாயிற்று.

இந்தக் கதையை உங்களுக்குச் சொல்வதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. தெற்குப் புறநகரில் இப்போது எல்லோரும் எதையாவது தூக்கிக்கொண்டே இருக்கிறோம். முதலில் ரோட்டைத் தூக்கினார்கள். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, ரோடு வளர்ந்தது. அத்தை வீட்டுக்குள் போக ஒரு காலத்தில் மூன்று படி ஏற வேண்டும். இப்போது ஒரு படி இறங்க வேண்டும். 2021 மே மாதம், அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புது ரோடு போட வேண்டும் என்று உத்தரவிட்டார். அதற்குள் பல தெருக்களில் வீடு பள்ளத்துக்குப் போயிருந்தது.

ரோடு உயர்ந்ததும் வீட்டைத் தூக்க ஆரம்பித்தார்கள். பார்த்திருக்கிறீர்களா? வீட்டைச் சுற்றித் தோண்டி, சுவரை அடியில் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து, நூற்றுக்கணக்கில் ஜாக்கிகளைச் சொருகி, எல்லா ஜாக்கியையும் ஒரே அளவில் திருகுவார்கள். வீடு மூன்று, நான்கு அடி என்று உயரும். பிறகு அடியில் செங்கல் வைத்துக் கட்டிவிடுவார்கள். ஹரியானாவிலிருந்து வந்து இந்த வேலையைச் செய்து தருகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

இது புது வித்தை இல்லை. அமெரிக்காவின் சிகாகோ நகரமே இப்படித் தூக்கி வைத்த ஊர். சதுப்பு நிலம், சாக்கடை ஓட வழியில்லை. 1850-களில் செஸ்பரோ என்ற எஞ்சினீயர் தெருக்களுக்கெல்லாம் ஒரு புது உயரம் குறித்துக் கொடுத்தார். 1860-ல் லேக் ஸ்ட்ரீட்டில் ஒரு வரிசைக் கட்டடங்கள் முழுவதையும் 600 பேர், 6,000 ஜாக்கிகளை வைத்து, ஐந்தே நாளில் நாலடி எட்டு இன்ச் தூக்கினார்கள். ஆனால் ஒரு வித்தியாசம். அங்கே ஊர் முழுக்க ஒரே உயரத்தைப் பேசி முடிவு செய்துவிட்டுத் தூக்கினார்கள், அதுவும் சாக்கடை ஓடுவதற்காக. இங்கே ஆளுக்கொரு உயரம். வசதி இருக்கிறவர் தூக்கிக்கொள்கிறார். தண்ணீர், தூக்க முடியாதவர் வீட்டை விசாரித்துக்கொண்டு போகிறது.

உயரமான வண்டியும் அப்படித்தான். தண்ணீர் நிற்கும் தெருவில் ஒரு பெரிய வண்டி வேகமாகப் போனால், அதன் முன்னால் ஓர் அலை எழும்பும். அந்த அலை இரண்டு பக்கமும் போய், அதுவரை வாசலோடு நின்றிருந்த தண்ணீரை வீட்டுக்குள் தள்ளிவிடும். ''டேய், மெதுவா போடா!'' என்று 2021-ல் மாடியிலிருந்து கத்தியவர்களில் அத்தையும் ஒருவர். நீங்கள் உயரத்தில் உட்கார்ந்திருக்கலாம். உங்கள் அலை யார் வீட்டுக் கட்டிலை நனைக்கிறது என்று மேலிருந்து தெரியாது.

மைத்துனன் அந்த நவம்பரில் இன்னொரு வேலையும் செய்தான். வீட்டு கேட் தூணில் சிவப்பு பெயின்டால் கோடு போட்டான். ஆறு இன்ச்சில் ஒன்று, ஒரு அடியில் ஒன்று. ஆறு இன்ச் கோட்டைத் தண்ணீர் தொட்டால் கேள்வியே கிடையாது, கிளம்ப வேண்டியதுதான். ராத்திரி இரண்டு மணியானாலும் சரி, டி.வி.யில் என்ன சொன்னாலும் சரி. ஒரு அடிக் கோடு எதற்கு என்று கேட்டேன். ''அதைத் தாண்டிட்டா ஜீப்பைத் தொடக் கூடாது மாமா. மாடிக்குப் போயிடணும்'' என்றான். எவ்வளவு தூக்கலாம் என்று கேட்டவன், எங்கே நிறுத்த வேண்டும் என்று தனக்குத் தானே கோடு போட்டுக்கொண்டான்.

2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. மிக்ஜாம் புயல் கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. மதியம் சாப்பிட்ட கையோடு கிளம்பிவிட்டார்கள். மழை பிடித்திருந்தது, தெருவில் இன்னும் தண்ணீர் நிற்கவில்லை. ஆறு இன்ச் கோடு அப்போது காய்ந்துதான் கிடந்தது. அத்தை மடக்குப் படியில் கால் வைத்து, யார் தயவும் இல்லாமல் ஏறி உட்கார்ந்தாராம். மடியில் மருந்துப் பை, ஒரு பாட்டில் தண்ணீர், பத்திரங்கள் வைத்த டிரங்குப் பெட்டி. முடிச்சூர் ரோட்டில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்து, குரோம்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் இறங்கினார்கள். மறுநாள் காலை அந்தத் தெருவில் மறுபடியும் தண்ணீர்.

அவ்வளவு யோசித்து, அளந்து, செலவழித்து வாங்கிய அந்த ஜீப்பின் டயருக்கு மேலே அன்று ஒரு சொட்டு வெள்ளம்கூட ஏறவில்லை. ஃபோர் வீல் டிரைவ் கியரை மைத்துனன் தொடவே இல்லை.

உள்ளே வந்ததும் அத்தை கேட்டது ஒன்றே ஒன்றுதான். ''ஃபிரிட்ஜ்ல கொஞ்சம் இடம் இருக்கா? மருந்து வைக்கணும்.''